சும்மா உட்கார வந்தவன்

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொண்டு செய்வதற்கு மூன்று மாதம் முன்பே தொண்டு செய்த பெயரை நான் வாங்கிவிட்டேன்.

சிட்னியின் மேற்குப் பக்கம், எங்கள் வட்டாரத்துப் பொங்கல் விழா. சர்க்கரைப் பொங்கல் வரிசைக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். முதியோர் இல்லங்களில் தனியாக இருக்கும் தமிழ் பேசுகிறவர்களைப் போய்ப் பார்த்துவர ஆள் வேண்டுமாம். வரிசை நகரவில்லை. பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அண்டா கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் நான் தொண்டனாகியிருக்க மாட்டேன்.

போலீஸ் சான்றிதழ், ஃப்ளூ ஊசி, பயிற்சி வகுப்பு என்று எல்லாம் முடிந்து முதல் ஆளைப் பார்ப்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் நான் வாயை மூடவில்லை. யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் பேச்சை எப்படியாவது அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். "முதியோர் இல்லத்துக்குப் போகப்போறேன்" என்றேன் ஒரு நண்பரின் அப்பாவிடம். அவர் என் தலைமுடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுக்குள்ளயா?" என்றார். திருவாரூரில் என் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். அங்கே இருக்கிற வயசானவங்களையெல்லாம் என் பையன்தான் பார்த்துக்கறான் என்று. ஆஸ்திரேலிய அரசாங்கம் இதைக் கேட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

அந்த அரசாங்கம் பணம் கொடுத்து நடத்தும் திட்டம்தான் இது. 1992-இல் 'கம்யூனிட்டி விசிட்டர்ஸ் ஸ்கீம்' என்று தொடங்கியது. 2023 ஜூலையில் கொஞ்சம் விரிவாக்கி, 'ஏஜ்டு கேர் வாலண்டியர் விசிட்டர்ஸ் ஸ்கீம்' என்று பெயரையும் நீட்டினார்கள். கணக்கு ரொம்ப எளிது. ஒருவருக்கு ஒருவர். வருடத்தில் குறைந்தது 20 தடவை போய்ப் பார்க்க வேண்டும். சம்பளம் கிடையாது.

பயிற்சியில் என்னென்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஊட்டிவிடக் கூடாது. தூக்கிவிடக் கூடாது. மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. கட்டிலிலிருந்து இறங்க உதவக் கூடாது, மணியை அடித்து ஊழியரைக் கூப்பிட வேண்டும். நான் கை தூக்கினேன். "அப்படின்னா நாங்க என்னதான் செய்யணும்?"

பயிற்சி கொடுத்த அம்மாள் சிரித்தார். "கூட இருங்க. அவ்வளவுதான்."

சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று அலட்சியமாக நினைத்தேன். அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த நாட்டில் அது ஏன் ஆள் போட்டுச் செய்யும் வேலையாயிற்று என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 2018-இல் முதியோர் பராமரிப்பைப் பற்றி அரச விசாரணை ஆணையம் ஒன்று வைத்தார்கள். 2019-இல் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு ஒரே சொல்தான் தலைப்பு: புறக்கணிப்பு. 2021-இல் இறுதி அறிக்கை வந்தது. அதன் பிறகு பராமரிப்பை நிமிடக் கணக்கில் விதித்துவிட்டார்கள். 2024 அக்டோபரிலிருந்து, நாடு முழுக்கச் சராசரியாக, இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிடம். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸ் தர வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மருந்து, சாப்பாடு, புண்ணுக்குக் கட்டு எல்லாம் அந்த 215-க்குள். ஒன்றும் செய்யாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார அதில் நிமிடம் மிச்சமில்லை. அதற்குத்தான் எங்களைப் போன்ற வெட்டி ஆட்கள்.

முதல் நாள் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, எண்பத்தாறு வயது, மறதி நோய், தமிழில் பேச ஆள் இல்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வாசலில் இருந்த நேபாளத்துப் பெண்ணிடம் கேட்டேன். அவள் அவசரத்தில் கையை நீட்டினாள். வெயில் விழும் கூடத்தில் ஜன்னலோரமாக, கம்பளிச் சட்டை போட்ட, நம் ஊர் முகத்தோடு ஒரு பாட்டி.

பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். நான் யார், எந்த ஊர், திருவாரூர்க் கமலாலயக் குளம் எவ்வளவு பெரிசு, தேர் எவ்வளவு உயரம். பாட்டி முகமெல்லாம் சிரிப்பு. "அச்சா, அச்சா" என்றார். தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. சொந்த மொழியே நழுவிப் போகிற அளவுக்கு நோய் முற்றிவிட்டது என்று எனக்குத் தொண்டை அடைத்தது. மனம் தளராமல் ஒரு மணி நேரம் பேசினேன். நிலா நிலா ஓடி வா கூடப் பாடிக் காட்டினேன். பாட்டி தாளம் போட்டார்.

மூன்று மணிக்கு மேல் ஒரு இளம்பெண் பூங்கொத்தோடு வந்து "நானி" என்று அவரைக் கட்டிக்கொண்டாள். நான் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னேன்: "வருத்தமா இருக்கு. உங்க பாட்டிக்குத் தமிழ் சுத்தமா மறந்துபோச்சு."

"பாட்டிக்குத் தமிழ் எப்பவுமே தெரியாதே" என்றாள் அவள்.

ஃபிஜிக்காரர்கள். குடும்பப் பெயர் பிள்ளை. 1879-இல் கரும்புத் தோட்டக் கூலிக்காக இந்தியர்களை ஃபிஜிக்குக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். 1903-இலிருந்து சென்னை வழியாகத் தென்னாட்டு ஆட்களும் போனார்கள். அப்படிப் போன ஒருவரின் பேத்தி இந்தப் பாட்டி. பேச்செல்லாம் ஃபிஜி ஹிந்தி. பெயரில் மட்டும் பிள்ளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் அவர் தாத்தா விட்டுவிட்டு வந்த மொழியில் ஒரு முட்டாள் வந்து ஒரு மணி நேரம் கத்திவிட்டுப் போனதை அவர் ரசித்திருக்கிறார் என்பதுதான் அன்றைய ஒரே புண்ணியம்.

என் ஆள் கடைசி அறையில் இருந்தார். பருத்திச் சேலை, வாரி முடிந்த கொண்டை, நெற்றியில் திருநீறு. ஆள் பார்க்க வருகிறார்கள் என்று காலையிலேயே சேலை கட்டிவிடச் சொன்னாராம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மணிக்கெண்டு சொன்னவை. இப்ப மூண்டே கால்."

பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எனக்கு நாற்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் எல்லாம் உண்டு. ஆனாலும் கை தானாகக் கட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, "உங்ககிட்டப் பேசத்தான் வந்திருக்கேன் பாட்டி" என்றேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. பாட்டி என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை போல, முகம் சுருங்கிற்று. இரண்டாவது தப்பு இன்னும் பெரிசு.

"ஏன் பேசப் போறீர்? நான் என்ன பிழை செய்தனான்?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. நாம் பேசுவதற்கு அவர்கள் கதைப்பது என்பார்கள். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. ஈழத்து நாவல்கள் இரண்டு மூன்று என் அலமாரியில் இருக்கின்றன. முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி.

சமாளித்து உட்கார்ந்தேன். "நீர் எவடம்?" என்று கேட்டார். எவ்விடம் என்பது அது. எனக்கு வடம் மட்டும்தான் காதில் விழுந்தது. திருவாரூர்க்காரனிடம் வடம் என்றால் வேறென்ன? தேர் வடத்தின் பருமன், அதை எத்தனை பேர் இழுப்பார்கள், முட்டுக்கட்டை எப்படிப் போடுவார்கள் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "அது சரி. நீர் எவடம்?" என்றார்.

அதற்கப்புறம் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டேன். அவர் வாயில் அது ரீச்சர். ஊரிலும் அப்படித்தான் எழுதுவார்களாம். பல கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லாதபோது காது மந்தம் என்று முடிவுகட்டி, மூன்று வாரம் உரக்கக் கத்தினேன். நான்காவது வாரம் சொன்னார்: "ஏன் தம்பி கத்துறீர்? எனக்குக் காது கேக்குது. உம்மட தமிழ்தான் விளங்கேல்லை."

இதையெல்லாம் விட்டுவிடலாம். மொழிக் கோளாறு யாருக்கும் வரும். என்னுடைய உண்மையான கோளாறு, பத்து விநாடி அமைதி இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். காரில் சிவப்பு விளக்கில் நின்றால் விளம்பரப் பலகையை வாய்விட்டுப் படிப்பவன் நான். அதனால் டீச்சரைப் பார்க்கப் போகுமுன் கைபேசியில் தலைப்புகள் குறித்துக்கொண்டு போவேன்: கோயில், பனங்கிழங்கு, சிவாஜி, மழை, கிரிக்கெட். ஒரு தலைப்பு ஓய்ந்ததும் அடுத்தது. பேசி முடித்ததை டிக் அடித்துவிடுவேன். ஒரு நாள் அவர் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரத்தைப் பார்த்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அப்போது பனங்கிழங்கில் இருந்தேன். அவர் சொல்ல வந்தது என்னவென்று இன்றைக்கும் தெரியாது.

பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். மறதி நோய் உள்ளவரைத் திருத்தாதீர்கள். அவர் எந்தக் காலத்தில் இருக்கிறாரோ அங்கே போய் நில்லுங்கள். நான் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டு வைத்தேன். அடிக்கோடு போடுவதோடு என் படிப்பு முடிந்துவிடும், பள்ளியிலிருந்தே அப்படித்தான்.

டீச்சர் அடிக்கடி "திறப்பு எங்க?" என்று கேட்பார். முதலில் ஏதோ திறப்பு விழா என்று நினைத்தேன். அப்புறம் தெரிந்தது, திறப்பு என்றால் சாவி. "வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தனான். திறப்பைக் காணேல்லை." கோண்டாவில் வீடு. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் மொத்தமும் ராணுவம் வருகிறதென்று ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்ததே, அதில் அவரும் நடந்தவர். மகள் தொலைபேசியில் சொன்னார். மகள் கான்பராவில் இருக்கிறார், மாதத்துக்கு இரண்டு முறை வருவார்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், இது சிட்னி. நீங்க இங்க வந்து ரொம்ப வருஷமாச்சு."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப வீட்டில ஆர்?"

"யாரும் இல்லை டீச்சர்."

"அப்ப நான் போகவேணும். பஸ்ஸுக்குக் காசு வைச்சிருக்கிறீரோ?"

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "சிட்னியிலேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் கிடையாது டீச்சர்" என்றேன். சரியான தகவல். அதைக் கேட்டுவிட்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் மணியை அடித்தேன். அன்று சாயங்காலம் முழுக்க, வந்து போகிற எல்லோரிடமும் மரியாதையாக பஸ் காசு கேட்டுக்கொண்டிருந்தாராம். அதை எனக்குச் சொன்ன நேபாளத்துப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சக்கர நாற்காலிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்கி, முழு பலத்தோடு தள்ளினேன். நகரவில்லை. சேலை சக்கரத்தில் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த தொண்ணூறு வயது கிழவி ஒருத்தி, நிற்கக்கூட இல்லாமல், ஒரு விரலால் பிரேக்கைத் தட்டிவிட்டுப் போனாள்.

இனி பேணி.

ஒரு பிற்பகல் டீச்சர் வலது கையை வாய்வரை தூக்கி, "பேணி... பேணி" என்றார். எனக்குப் பரவசம். முதல் தடவையாக அவர் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்கிறார், அதுவும் எனக்குத் தெரிந்த ஒன்று! எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பேணி போடுவார்கள். நூல் நூலாகப் பொரித்து, சர்க்கரைப் பொடி தூவி, மேலே பாதாம்பால் ஊற்றினால் ஒரு கணம் சரசரத்துவிட்டு ஊறும். "பேணி சாப்பிடணுமா டீச்சர்?" "ஓம், பேணி." "கண்டிப்பா கொண்டுவரேன்." அவர் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. நான் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க பேணி வேட்டை. வெண்ட்வொர்த்வில்லில் தமிழ்க் கடைகளில் முறுக்கு உண்டு, அதிரசம் உண்டு, பேணி இல்லை. கடைசியில் ஹாரிஸ் பார்க்கில், விக்ரம் ஸ்ட்ரீட்டில் (நம் விக்ரம் இல்லை, யாரோ வெள்ளைக்காரர்) ஒரு வடநாட்டு மிட்டாய்க் கடையில் ஃபேனி என்று வைத்திருந்தார்கள். பெட்டி வாங்கினேன். பாதாம்பாலை நானே காய்ச்சிக் குடுவையில் ஊற்றிக்கொண்டேன். மனைவி, "அவங்களுக்கு இதெல்லாம் கொடுக்கலாமா, கேட்டீங்களா?" என்றாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து கேள்வி கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

பெட்டியைத் திறந்து வைத்தேன். டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விள்ளிக் கொடுக்கப் போன நேரம் நர்ஸ் உள்ளே வந்தார். வந்தவர் கத்தவில்லை, ஓடவில்லை. நடந்து வந்து என் கையிலிருந்ததை எடுத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடி, கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டினார்.

அங்கே ஒரு தாள். நான் இரண்டு மாதமாக அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு 5, குடிப்பது 2 என்று வண்ணத்தில் அச்சிட்டிருந்தது. அறை எண், தொலைபேசி எண் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்காக உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கும் அளவாம். 0 முதல் 7 வரை எட்டுப் படி. 0 என்றால் வெறும் தண்ணீர், 7 என்றால் நாம் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு. டீச்சருக்கு 5: பொடியாகக் கொத்தி, ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். குடிப்பதற்கு 2: மாவுபோல ஒன்றைக் கலந்து லேசாகக் கெட்டியாக்கிய தண்ணீர். தண்ணீர்தானே என்று கொடுத்தால் அது தொண்டையில் வேகமாக இறங்கிவிடும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே போய், நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவில் கொண்டுவிடும். உதிர்கிற பேணி? நர்ஸ் அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். சர்க்கரை நோய் வேறு என்றார், போகிற போக்கில்.

அவர் போன பிறகு நான் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மறுபடியும் கையை வாய்வரை தூக்கினார். "பேணி" என்றார். அவர் கண் போன திசையில் பார்த்தேன். பக்கத்து மேசையில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில், மூடியில் மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளை.

யாழ்ப்பாணத்தில் பேணி என்றால் குவளை. பக்கவாட்டில் மூக்கு வைத்த பித்தளைக் குவளைக்கு மூக்குப்பேணி என்று பெயர். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்க வாகாக இருக்கும். வந்தவர்களுக்குத் தண்ணீர், மோர், தேநீர் எல்லாம் அந்தக் காலத்தில் அதில்தான் கொடுப்பார்களாம். முதியோர் இல்லத்து மூக்குக் குவளைக்கு அந்த அறையிலிருந்த எல்லோரையும்விடச் சரியான பெயரை டீச்சர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குத் தாகம். போன வாரமும் தாகம்தான். நான் கையைக் குலுக்கிவிட்டு மிட்டாய் வாங்கப் போய்விட்டேன்.

ஊழியரைக் கூப்பிட்டேன். அவர் பேணியை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன தண்ணியோ கூழோ?"

"கூழ் மாதிரித்தான் டீச்சர்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அதுதான்.

"கூழெண்டால் ஒடியல்மா வேணும். நண்டு வேணும், மீன்தலை வேணும், புளி வேணும்." ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். "இவை ஒண்டும் போடாமல் கூழெண்டு தருகினம்." கணக்கு டீச்சருக்கு விடை தப்பாக வந்த கோபம். ஆனாலும் குடித்தார்.

பேணிப் பெட்டியை ஊழியர்களின் அறையில் வைத்துவிட்டு வந்தேன். நிமிடத்தில் காலியாயிற்றாம். பாதாம்பாலைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று நானே குடித்தேன்.

நடுவில் ஒரு தப்பித்த கதையும் உண்டு. தப்பித்தவன் நானில்லை. மறதி நோய்ப் பிரிவின் வாசலில் எண் பூட்டு இருக்கும். ஒரு மாலை நான் எண்ணை அழுத்தித் திறந்தபோது, பின்னால் தொப்பியும் கோட்டும் கக்கத்தில் செய்தித்தாளுமாக ஒரு பெரியவர் வந்தார். ஓட்டல் வாசல்காரன்போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தேங்க்ஸ், மேட்" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அரைமணி கழித்து அவரை பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தார்கள். மறுவாரம் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: வெளியே போகும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். என் பெயர் போடவில்லை. போட்டிருக்கலாம்.

இப்படியாக எட்டு மாதம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. டீச்சர் போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் தலைப்புப் பட்டியலை எடுக்குமுன்பே, "திறப்பு எங்க?" என்றார்.

இந்தத் தடவை நான் பாடம் படித்தவன். சிட்னி என்று சொல்லவில்லை, வருடக் கணக்குச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, "இந்தாங்க டீச்சர், திறப்பு" என்று உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மூடினார். மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டே நிமிடத்தில் தூங்கிவிட்டார். பயிற்சி கொடுத்த அம்மாள் இப்போது என்னைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கினேன்.

நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று எழுந்தபோதுதான் உறைத்தது.

மெதுவாக ஒரு விரலை நகர்த்திப் பார்த்தேன். தூக்கத்திலேயே, "கள்ளன்" என்றார். தெளிவான உச்சரிப்பு. கையை எடுத்துவிட்டேன். எழுப்பக் கூடாது என்று நேபாளத்துப் பெண் சைகை செய்தாள். இரவெல்லாம் தூங்கவில்லையாம், இப்போதுதான் கண் அசந்திருக்கிறாராம். மனைவிக்கு போன் செய்தேன். மாற்றுச் சாவி வீட்டில். வீட்டில் இன்னொரு கார் இல்லை. ரயிலில் வருகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகும் தெரியாது என்று அவள் சொல்லும்போதே என் கைபேசி அணைந்துவிட்டது. தலைப்புகள் எல்லாம் அதற்குள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

முதல் கால் மணி நேரம் கொடுமை. சுவரில் இருந்த தாளைப் படித்தேன், 5, 2. கட்டில் சக்கரத்தில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்தேன். காலை ஆட்டினேன். பிறகு படிக்க ஒன்றும் மிச்சமில்லை. மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. தேநீர் வண்டி கிணுகிணுத்துக்கொண்டு நடையில் போய்த் திரும்பி வந்தது. ஃபிஜிப் பாட்டி நாற்காலியில் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்துத் தாளம் போட்டுக் காட்டினார். தொப்பிக்காரர் தூரத்தில் எண் பூட்டோடு போராடுகிற சத்தம், நாலு தட்டு, ஓய்வு, நாலு தட்டு. டீச்சரின் முஷ்டியில் நரம்பு பச்சையாகப் புடைத்திருந்தது. மூச்சு ஒழுங்காகப் போய் வந்தது. எட்டு மாதத்தில் அவர் முகத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு ஒன்று இருக்கிறது.

நடுவில் ஒருமுறை கண் திறந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது.

"இருக்கிறீரோ?"

"இருக்கேன் டீச்சர்."

"ம்." மறுபடி தூங்கிவிட்டார்.

மனைவி வந்து சேர்ந்தபோது ஆறு தாண்டிவிட்டது. இரண்டு பஸ் மாறி, குடை ஒரு கம்பி உடைந்து, செருப்பில் தண்ணீர் சலக்சலக்கென்று. வாசலில் நின்று, வாயைத் திறக்காமல் கைகட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பயந்துபோய் நெற்றியில் கைவைத்து, "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

என் சாவி செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தலையணை உறைக்குள் இருந்ததாம்.

ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். நான்கு மணி பத்து நிமிடம் என்று போட்டேன். ஒருங்கிணைப்பாளர் அடுத்த நாளே கூப்பிட்டார். நெகிழ்ந்துபோன குரல். அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்றார். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

மே மாதம் தொண்டர் வாரத்தில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'நேரத்தை வாரி வழங்கியவர்' என்று மேடையில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி கைதட்டவில்லை. மாற்றுச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.